திரையில் மட்டும் ஏறிய குரல்

ஸ்பீக்கரில் ஈ முனகுவது போலச் சத்தம் வந்தாலும் எந்த வயரில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்கு 'காதுக்காரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. விழாக்களுக்கு ஒலி அமைப்பது அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்யும் தொழில். அண்ணனுக்கு கேபிள்மேல் உயிர். அவளுக்கு, குரலையும் வாத்தியங்களையும் கூட்டிக் குறைக்கும் புதிய டிஜிட்டல் மிக்சர்மேல். அதில் திருகக் குமிழ்கூடக் கிடையாது. பெட்டி மேடையோரம் கிடக்கும். அது தரும் வைஃபையைப் பிடித்து, டேப்லெட்டில் விரலால் தள்ளினால் போதும்.

"எதுக்கும் டேப்லெட்டைப் பெட்டியோட இணைக்கிற அந்த நீளக் கேபிளை எடுத்துக்கோ," என்றான் அண்ணன்.

"கடைசி வரிசை வரைக்கும் நடந்து பாத்தாச்சுண்ணா, சிக்னல் இருக்கு. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டா நீச்சலடிப்பாங்க?"

அவள் நடந்து பார்த்தது காலி ஹாலில்.

அன்று பாடப்போவது அண்ணி. தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு முதல் மேடை. குரல் நூலாக இளைத்திருந்தது. "கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா பாடுறதை இதோட விட்டுடுவேன். பாவப்பட்டுத் தட்டுற கை எனக்கு வேணாம்," என்று புறப்படும்போதே சொல்லியிருந்தாள்.

ஹாலில் எள் போட இடமில்லை. ஆளுக்கொரு போன். அண்ணி பல்லவியை எடுத்தாள். கீபோர்டு அவள் குரலை அப்படியே விழுங்கியது. பின்னால் நின்ற காதுக்காரி அண்ணியின் அளவை மேலே தள்ளினாள். திரையில் ஏறியது. காதில் ஏறவில்லை. இன்னும் தள்ளினாள். 'இணைப்பு இல்லை' என்றது திரை.

"என்ன ஆச்சு?"

"தெரியலண்ணா."

"தெரியலன்னா? அவ அங்க செத்துக்கிட்டிருக்கா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினாள். "நீ என்ன கண்ணாடியா? உக்காரும்மா!" என்று யாரோ கத்தினார்கள். பெட்டி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். அப்போதும் இணையவில்லை. அதன் பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். டேப்லெட் பிடித்திருந்தது மிக்சரை அல்ல, ஹாலின் வைஃபையை.

மத்தியானம் அம்மா வீடியோவில் கூப்பிட்டபோது காதுக்காரியேதான் அதைச் சேர்த்தாள். மிக்சரின் வைஃபையில் இன்டர்நெட் வராதே. பேசி முடித்ததும் மிக்சருக்கே மாற்றினாள். ஹாலின் வைஃபையை டேப்லெட்டிலிருந்து அழிக்கத்தான் தோன்றவில்லை. கூட்டம் நிறைந்து மிக்சரின் சிக்னல் மெலிந்ததும், வீட்டுச் சோறு ஆறிப்போனால் ஓட்டலுக்கு நடையைக் கட்டும் ஆள் மாதிரி டேப்லெட் அங்கே போய்விட்டது. காலி ஹாலை நம்பினோமே, எந்தக் கச்சேரி காலி ஹாலில் நடக்கிறது?

மிக்சரின் பெயரைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. அண்ணி சரணத்துக்குள் போனாள். உதடு அசைந்தது, கண் காதுக்காரியைத் தேடியது. வட்டம் நின்றது. திரையில் ஏறியிருந்த அளவு சடாரென்று கீழே இறங்கி உண்மையான இடத்தில் உட்கார்ந்தது.

ஆனால் மேடையருகே நின்றால் ஹாலின் சத்தம் தெரியாது. அவள் திரும்பினாள். கடைசி வரிசையில் அண்ணன் நாற்காலிமேல் ஏறி நின்று உள்ளங்கையை உயர்த்திக்கொண்டிருந்தான். ஏற்று. ஏற்றினாள். இன்னும். ஸ்பீக்கர் லேசாக ஊளையிட்டது. கை பதறித் தாழ்ந்தது. இம்மி குறைத்தாள். கை நின்றது. முன்வரிசையில் ஒருவர் போனை மடியில் கவிழ்த்தார்.

பாட்டு முடிந்து மேடையிலிருந்து இறங்கிய அண்ணி நேராக அவளிடம் வந்தாள்.

"பல்லவி யாருக்கும் கேக்கல, இல்ல?"

"கேக்கல அண்ணி. என் தப்பு."

"சரணம்?"

"கேட்டுச்சு. கடைசி வரிசைக்கு."

அண்ணி தண்ணீரை மெல்ல விழுங்கினாள். வலித்திருக்க வேண்டும். "அடுத்த தடவை உங்கண்ணன் சொன்ன கேபிளை எடுத்துட்டு வா."