எதிர்வீட்டு மதிலில் காய்ந்த பேடு

பந்து என் புருஷனின் வலது கண்ணில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மைதானத்து ஓரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், தை மாதம், ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தில் நான் போர்டிங்கில் தங்கிப் படித்த பள்ளிக்குப் பக்கத்து மைதானம் அது.

எல்லாரையும் வரச் சொன்னவள் நான்தான். ஓமந்தூர்ப் பக்கம் கூலி வேலை செய்யும் என் பெற்றோர் மல்லாட்டைக் கடலையை அவித்து மூட்டை கட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். எனக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார மிஸ்ஸம்மா நாற்காலியில் இருந்தார்கள். விழுப்புரம் ரயில்வே ஹாக்கி டீமில் கோல்கீப்பராக நிற்பவர் என் புருஷன் என்று இவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பார்த்தார்கள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்ததையும் பார்த்தார்கள்.

சகோதரிகளே, கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால், நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கே விழுப்புரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

மிஸ்ஸம்மா வகுப்பில் ஒன்று சொல்வார்கள். அவர்கள் தேசத்தில் குளிர்காலத்தில் ஏரி கல்லைப் போல உறைந்துவிடுமாம். பூட்ஸின் அடியில் கத்தி போன்ற இரும்பை மாட்டிக்கொண்டு, அந்த ஐஸின்மேல் சறுக்கியபடி ஹாக்கி ஆடுவார்களாம். மிஸ்ஸம்மாவின் தம்பி அந்த ஆட்டத்தில் கோல் காப்பவர். அதுவே அவருக்கு உத்தியோகம், அதற்கே சம்பளம். முகமெல்லாம் தையல் போட்ட வடு இருக்குமாம். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதனால்தான், "மாப்பிள்ளைக்குப் படிப்பு இல்லை, லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கிறான், ஆனால் ஹாக்கியில் கோல் நிற்கிறான்" என்று சம்பந்தம் வந்தபோது உடனே சரி என்றேன்.

அவர் பெயர் ஆசீர்வாதம். ஷெட்டில் அவரைச் சேர்த்ததே கோலில் நிற்பதற்காகத்தான். வேலை டெம்பரவரி. கோல் காக்கிற ஆளை நிரந்தரமாக்குவதாக டீமை நடத்திய துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

காலில் கட்டுகிற பேடு டீமுக்கு ஒரே ஜோடிதான். கோலில் யார் நிற்கிறாரோ அவர் வீட்டில்தான் அது இருக்கும், அந்த வீட்டுப் பெண்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் ரயில்வே காலனியின் வழக்கம். கிழிந்தால் தைப்பேன். என் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு அடைத்தேன். தோல் வாருக்கு விளக்கெண்ணெய் போட்டேன். கோயிலுக்குப் போகிற பெண்கள் கண்ணில் படும்படி தெருப்பக்க மதிலில் காயவைப்பேன்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிப் படுக்கவைத்தார்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, பார்வை வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராவிட்டால் கோலும் இல்லை, வேலையும் இல்லை. கண் பரிசோதனையில் தேறாதவனுக்கு ரயில்வேயில் இடம் ஏது? நான் வராந்தாவில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஏன் என் ஜனங்கள் முன்னால்?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை தாவீது வந்தான். எதிர்வீட்டு சாலம்மாவின் ஒரே மகன். எங்கள் சபை. இவரோடு அதே ஷெட்டில் டெம்பரவரி வேலை. டீமில் மாற்று கோல்கீப்பர். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, துரை பேட எடுத்துக்கினு வரச் சொன்னாரு."

"உள்ள இருக்கற பஞ்சு என்னுது," என்றேன்.

"எடுத்துக்கறீங்களாக்கா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். அதை எடுத்து நான் என்ன செய்ய?

மறுநாளிலிருந்து பேடு எதிர் மதிலில் காய்ந்தது. சாலம்மா அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். வாருக்கு எண்ணெய் இல்லை. கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அடுத்த ஆட்டத்தில் தாவீது நன்றாக நின்றான். கைதட்டல் எங்கள் வீடுவரை கேட்டது. கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்து படுத்திருந்த இவர் கேட்டார்:

"தாவீதுதானே நின்னான்? எப்படி நின்னானாம்? போய்க் கேட்டுக்கினு வா."

"எனக்குத் தெரியாது. நான் போமாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "தீயிற வாசனை வருது. சோறா, நீயா?" என்றார்.

சோறுதான். ஆனால் அவர் கேட்டதும் சரிதான்.

எங்கள் சபை மாதர் ஜெபத்தில் ஒரு முறை உண்டு. தன் மனப் பாரத்துக்காகத் தானே ஜெபிக்கக் கூடாது. பாயில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், அவர் சத்தமாக ஜெபிப்பார். அவர் பாரத்தை நாம் ஜெபிக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் வீட்டிலும் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை நான் தாமதமாகப் போனேன். சாலம்மா பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது.

"எம்புள்ள கோல்லயே நெலச்சி நிக்கணும். ஷெட்டுல பர்மனெண்டு ஆவணும்," என்றார் சாலம்மா. கூச்சமே இல்லாமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாஸ்டரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். "ஞானசுந்தரி, ஆரம்பிம்மா," என்றார் ஐயரம்மா.

சரளமாக ஜெபிப்பவள் என்று எனக்குப் பெயர். அன்று, "கர்த்தாவே, சகோதரி சாலம்மாவின் மகன் தாவீதுக்கு..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். யாரோ இருமினார்கள்.

"கோலுன்னு சொல்லு டீச்சரு," என்று சாலம்மா காதில் சொன்னார்.

சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அது என் புருஷனுடைய இடத்தைப் பூட்டிச் சாவியை சாலம்மா கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்து என் பாரம். அந்த இடம் அவருக்கே திரும்ப வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. சாலம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? "அவர் கண்," என்று மட்டும் சொன்னேன்.

"யேசப்பா, அந்தப் புள்ள கண்ணத் தொறந்து உடு," என்று ஆரம்பித்தார் சாலம்மா. "இந்த ஷெட்டுக்கோசரம்தானே அடி வாங்கினான். அவன் பொண்டாட்டி மூஞ்சிய அவன் பாக்கணும். சிடுசிடுன்னு இருந்தாலும் பாக்கணும்." பெண்கள் சிரித்தார்கள். சாலம்மா சிரிக்கவில்லை. முந்தானை நனைய அழுதார். என் புருஷனுக்காக என்னைவிட நன்றாக இவர் எப்படி அழலாம் என்று எனக்கு அதிலும் எரிச்சல்.

வீட்டிலும் ஜெபித்தேன். விடிந்ததும் கதவைத் திறந்தால் எதிரே சாலம்மா முழங்காலில் இருப்பார். விடுவேனா? மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுந்தேன். மனமில்லாமல்தான் தொடங்கினேன். ஆனால் தாவீதின் பெயரைத் தினமும் சொல்லச் சொல்ல, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றது ஞாபகம் வரும். அவனும் டெம்பரவரிதானே.

கட்டுப் பிரித்த நாளில் வலது கண்ணுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெபத்தை மட்டும் விடவில்லை, சாலம்மா விடாததால்.

ஒரு காலையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"இந்தா ஞானம். எதுத்த வூட்டு பேடுல ஒரு வாரு அறுந்து தொங்குது பாரு. இடது கால் பேடு. ரெண்டாவது வாரு."

என் இரண்டு நல்ல கண்ணுக்கும் அது தெரியவில்லை. தெருவைக் கடந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். அறுந்திருந்தது. இடது பேடு, இரண்டாவது வார். தினமும் நான் எரிந்துகொண்டு பார்த்த அதே பேடு. அங்கேயே மண்ணில் முழங்காலிட்டேன்.

சாலம்மா வெளியே வந்தார். "இன்னா டீச்சரு, எங்க வூட்டு பேடுக்கு முட்டி போடற?"

எங்க வூட்டு பேடு. அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது. விஷயத்தைச் சொன்னேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று என் தலையைக் கட்டிக்கொண்டார். பிறகு அவர் கை மெதுவாக என் தலையிலிருந்து இறங்கி மதிலில் இருந்த பேடைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ தாவீது எடத்த உடணும், இல்ல?"

"பெரிம்மா, இது தெரிஞ்சேவா அவருக்குக் கண்ணு கேட்டீங்க?"

"பின்ன? கண்ணு வந்தா கோலும் வரும்னு எனக்குத் தெரியாதா. நீ மட்டும் தெரியாமயா எம்புள்ளைக்கோசரம் கேட்ட?"

ஊசியும் நூலும் கொண்டுவந்து, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த வாரைத் தைத்துக் கொடுத்தேன்.

கண் பரிசோதனையில் அவர் தேறினார். துரை மறுபடியும் கோலில் நிற்கவைத்துப் பார்த்தார். பயிற்சி முடியும் முன்பே இவர் பேடை அவிழ்த்துத் தாவீதிடம் கொடுத்துவிட்டார். "தரையில வர்றது தெரியுது. மேல வர்றது லேட்டாத் தெரியுது. மூணு சீசன் நின்னேன், போதும்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவரோ இரண்டு கண்ணாலும் என் சிடுசிடுத்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. ரயில்வேக்கு ஆள் போதவில்லை. தாவீதும் நிரந்தரம், இவரும் நிரந்தரம். இப்போது இவர் எஞ்சினில் ஃபயர்மேன். திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, அப்பா சில நாள் மல்லாட்டையோடு வந்து, மருமகன் கரி தள்ளுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சகோதரிகளே, எனக்காக நான் மனசுக்குள் கேட்ட அந்தக் கோல் இடத்தைக் கர்த்தர் தரவில்லை. சாலம்மாவுக்காக நான் கேட்டதைத் தந்தார். எனக்காக சாலம்மா கேட்டதைத் தந்தார். நான் முழுமனதோடு கேட்கவில்லை, அதையும் அவர் தள்ளவில்லை. உங்களில் யாருக்காவது பாரம் இருந்தால், யார்மேல் உங்களுக்கு எரிச்சலோ அவர் பக்கத்தில் பாயில் போய் உட்காருங்கள். அவரிடம் சொல்லுங்கள். அவருடையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் எரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எதிர் மதிலில் பேடு காயும்போது இன்றும் ஒரு நிமிஷம் நின்றுதான் உள்ளே போகிறேன். இப்போது தாவீதுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, வேறு ஆளைத் தேடுகிறார்களாம். வரும் வியாழக்கிழமை சாலம்மா அதைத்தான் என்னிடம் சொல்வார். பேடு எதிர்வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான் ஜெபிக்க வேண்டும். ஜெபிப்பேன். நீங்கள் ஆமென் சொல்லுங்கள்.