அஞ்சலை அக்கா சொல்லாத பெயர்

1. ஃபாரின் மதாம்

முதல் நாளே எங்கள் டீச்சரை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய பெருமை எனக்கு உண்டு.

பாண்டிச்சேரி உழவர்கரையில் ஒரு செல்போன், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் பிரெஞ்சு டியூஷன் சென்டர். ஷட்டர் தூக்குவது, ஸ்பீக்கர் மாட்டுவது, டீ வாங்கி வருவது, புதிதாக வருகிறவர்களைக் கலாய்ப்பது எல்லாம் நான்தான். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆர்வத்தில் செய்வது. பத்தாம் வகுப்போடு எனக்கும் படிப்புக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. இந்த மாதிரி சென்டர்களில் புதிதாக வேலைக்குச் சேருகிற பசங்கள் "அங்க இன்னாண்ணா கத்துக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கத்துக்கலாம். அதிர்ச்சிக்கு மட்டும் தயாராக வர வேண்டும்.

முதலாளி ஜெரார் சாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'ஃபாரின் ஆசிரியையிடம் நேரடிப் பயிற்சி' என்று சார் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். அதில் நெட்டில் எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேட்ச் முழுக்க அந்தப் பல்லைப் பார்த்து வந்து உட்கார்ந்திருந்தது.

படியேறி வந்தவர் நல்ல உயரம், நல்ல கறுப்பு, தலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பின்னல். கையில் ஒரு கட்டுத் தாள். யூனிவர்சிட்டியில் படிக்கிற ஆப்பிரிக்கக்காரர்கள் சிலர் கீழ்க்கடைக்கு வருவார்கள். நான் இங்கிலீஷை வரவழைத்து, "ஜெராக்ஸ் டவுன், டவுன்" என்று படியைக் காட்டினேன்.

"ஜெராக்ஸுக்கு வரலப்பா. கிளாஸ் எடுக்க வந்தேன். நீ இன்னா, ஃபேனு கூடப் போடாம நிக்கிற?"

எனக்கு வாய் மூடவில்லை. ஃபேன் போடக் கை மட்டும் போயிற்று.

அவர் பெயர் எஸ்பெரான்ஸ், பிரெஞ்சு வழக்கப்படி எங்களுக்கு மதாம். ஆப்பிரிக்காவில் புருண்டி என்ற சின்ன நாட்டுக்காரர். பாண்டிச்சேரிக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டார். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிற அக்காக்களிடம் தமிழ் கற்றதால், வாயைத் திறந்தால் சுத்தமான மெஸ் தமிழ்தான் வரும்.

அடுத்த அதிர்ச்சி பாடம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் ஒரு நாயும் இருக்கும். மதாம் அதை மூடிவிட்டார். "இவங்கள அப்புறம் பாக்கலாம். உங்க வூட்டுக்கு ஆளு வந்தா மொதல்ல இன்னா கேப்பீங்க?"

குருசுக்குப்பத்து விக்கிதான் முந்திக்கொண்டான். "மீன் கொழம்பு இருக்கு, துன்ட்டுப் போறியான்னு கேப்போம் மதாம்."

"அத பிரெஞ்சுல சொல்லு."

அன்றைய பாடமே அதுதான். கேரளா நர்ஸ், மார்வாடிக் கடை மருமகள், காரைக்கால் பாய் என்று ஒவ்வொருவரும் தன் வீட்டு வரவேற்பைச் சொல்ல, மதாம் அதற்குப் பிரெஞ்சு கொடுத்தார். ஜெரார் சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு என் காதில், "அலோர், அப்போ போர்ஷன் எப்படா முடியும்?" என்றார். கிளாஸ் முடிந்து மதாமிடமும் கேட்டார்.

"சார், இங்க கிளாஸுக்கு வெளிய செருப்ப வுட்டுட்டு வராங்க. நல்ல பழக்கம். செருப்ப மட்டும் வுட்டா போதும். ஆளையும் வெளிய வுட்டுட்டு வரச் சொன்னா, உள்ள வந்து யாரு படிக்கிறது?"

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

2. ஊமையான அக்கா

அந்த பேட்சில் அஞ்சலை அக்கா கடைசி பெஞ்ச். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பாண்டிச்சேரி சாரத்தில் வாக்கப்பட்டவர். வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் கிடைத்து, பிரான்சில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். மகனும் அவரோடுதான். அக்கா மட்டும் இங்கே. விசா கொடுப்பதற்கு முன், கல்யாணம் நிஜமா என்று பார்க்க பிரெஞ்சு கான்சுலேட்டில் அக்காவுக்கு ஒரு இன்டர்வியூ வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பவர் இருப்பார், ஆனாலும் முதல் சில கேள்விகளைப் பிரெஞ்சிலேயே கேட்பார்கள் என்று ஜெரார் சார் சொல்லியிருந்தார். அதில் தேறினால் புருஷனோடும் பிள்ளையோடும் ஒரே வீடு. இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில்தான் குடும்பம்.

அக்கா கெட்டிக்காரர். வயல், மாடு, பஸ், மழை எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் வரும். குடும்பப் பாடம் வந்தது. மதாம் சாதாரணமாகத்தான் கேட்டார்: உங்கள் கணவர் பெயர் என்ன?

அக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தார். நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாக்கா, வூட்டுக்காரு பேரு மறந்துபோச்சா? ஃபோன் போட்டுக் கேக்கட்டா?" என்றான் விக்கி.

"அவருக்கே ஞாபகம் இருக்கோ என்னமோ," என்று நானும் என் பங்கைப் போட்டேன். கிளாஸ் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மதாம் மறுபடி கேட்கவில்லை. அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

ஜெரார் சார் விடவில்லை. "டேய் பாபு, இன்டர்வியூல மொத கேள்வியே அதான்டா. கட்டுனவன் பேரே தெரியாம முழிச்சா, கல்யாணமே டூப்புனு எழுதிட்டுப் போயிடுவான். நீ ஆபீசரா உக்காரு. அது வாயத் தொறக்குற வரைக்கும் வுடாத."

எங்கள் தொழிலில் இதற்கு 'மாக் ஓரால்' என்று பெயர். வாய்ப் பரீட்சைக்கு ஒத்திகை. ஆபீசர் வேஷம் எப்போதும் எனக்குத்தான். கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பதில்தான் தெரியாது. சாரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டால் எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வரும்.

3. கோட்டைக் கழற்றினேன்

மதியம் காலி வகுப்பில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெயர், ஊர், வயது எல்லாம் சரளமாக வந்தது. கணவர் பெயர் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். மேஜையைத் தட்டிக் கேட்டேன். தலைப்பை விரலில் சுற்றினார். மூக்கில் பேசிக் கேட்டேன். சிரிப்பு வந்தது, பெயர் வரவில்லை.

"யக்கா, ஒரு தடவ சொல்லிடேன். நான் காத மூடிக்கிறேன்."

"வேணாம் தம்பி."

"சொன்னா இன்னா, வானம் இடிஞ்சு வுழுந்துடுமா?"

அக்காவின் சிரிப்பு நின்றது.

"வானம் வுழல. அவருதான் வுழுந்தாரு."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"எங்கம்மா சொல்லித்தான் அனுப்புச்சு, பேரு சொன்னா ஆயுசு கொறையும்னு. நானும் சொன்னதே இல்ல. ஒருவாட்டி ரேசன் கடையில, கார்டுல எழுத்து அழிஞ்சுபோச்சு, பேர சத்தமா சொல்லும்மான்னான். பின்னாடி இவ்ளோ கூட்டம், எல்லாம் கத்துறாங்க. சொல்லிட்டேன். அந்த வாரமே முத்தியால்பேட்டையில பெயின்ட் அடிக்கச் சொல்லோ மாடியிலேருந்து வுழுந்துட்டாரு. இடுப்புல இன்னும் கம்பி கீது. நான் சொன்னதாலதான்னு அவருகிட்ட இதுவரைக்கும் சொல்லல."

எனக்கு ஒரு ஜோக் கூட வரவில்லை. இது என் சர்வீஸில் முதல் தடவை. கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டேன்.

திரும்பினால் மதாம் கதவருகே நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது. இந்தக் காலத்தில் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று லெக்சர் வரும் என்று நினைத்தேன். அவர் வந்து அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவும் சொல்லாதுக்கா."

"யாரு பேர?"

"மாமனாரு பேர. எங்க ஊருல மருமவ மாமனாரு பேரு சொல்லக்கூடாது. அவரு பேரு மாதிரி வர்ற வார்த்தையக் கூட மாத்தித்தான் பேசும்."

அக்கா கண்ணை அகல விரித்தார். "அங்கயுமா?"

"ஊருல சண்டை வந்துச்சு. பார்டர் தாண்டி ஓடினோம். அங்க ஒரு ஆபீசர் உக்காந்து எழுதறான். குடும்பத்துல பெரியவரு யாரு, பேரு சொல்லுன்னான். பெரியவரு எங்க தாத்தா, அம்மாவோட மாமனாரு. அம்மா வாயத் தொறக்கல. பொய்க் குடும்பம், தள்ளி நில்லுன்னுட்டான். மழை வேற. கடைசியில நான்தான் தாத்தா பேரக் கத்தினேன். சின்னப் புள்ள நான். அப்புறம்தான் உள்ள வுட்டான்."

இங்கே ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். சட்டென்று எழுந்து நின்றேன்.

"அம்மாவுக்கு ஆபீசர் பாஷை தெரியும்க்கா," என்றார் மதாம். "ஸ்கூல்ல படிச்சதுதான். ஆனா, 'எங்க வழக்கத்துல நான் இதச் சொல்லக்கூடாது, வேற மாதிரி கேளுங்க'ன்னு சொல்றதுக்கு எந்த வாத்தியாரும் கத்துக்குடுக்கல. நான் டீச்சரானது அதுக்குத்தான்."

4. நாலு வாக்கியம்

மறுநாள் மதாம் போர்டில் நாலு வாக்கியம் எழுதினார். எங்கள் குடும்பத்தில் மனைவி கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. அது அவருக்குத் தருகிற மரியாதை. எழுதிக் காட்டுகிறேன். தயவுசெய்து ஒரு தாள் கொடுங்கள்.

ஜெரார் சார் கொதித்துவிட்டார். "பேரு ஒத்த வார்த்தை. அதச் சொல்ல வைக்காம, சொல்லாததுக்குக் காரணம் கத்துக்குடுக்குறியேம்மா! அவனுக்கு இதக் கேக்கப் பொறுமை இருக்குமா?"

"இருக்காது சார். அதனாலதான் பொறுமை இல்லாத ஆளா பாத்து பிராக்டீஸ் குடுக்கப் போறேன். பாபு, கோட்டுப் போடு."

என் வாழ்க்கையில் என் வாலுத்தனத்துக்கு யாராவது வேலை கொடுத்தார்கள் என்றால் அது அந்த வாரம்தான். கோபக்கார ஆபீசராக, தூங்கி வழிகிற ஆபீசராக, ஃபோனை நோண்டுகிற ஆபீசராக மாறி மாறி உட்கார்ந்தேன். அக்கா இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "நெக்ஸ்ட்!" என்று கத்துவேன். முதலில் அக்கா பாதியில் நின்றுவிடுவார். பிறகு திக்கித் திக்கி முடித்தார். கடைசியில் ஒருநாள் நான் கத்தியதும் கையை நீட்டி, "பொறுங்க முசியே, நான் இன்னும் முடிக்கல" என்று பிரெஞ்சில் ஒரு போடு போட்டார். எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியம் போர்டில் இல்லாதது.

"யக்கா, ஆபீசரு பாவம், ரொம்பப் பயமுறுத்தாத," என்றான் விக்கி.

5. ஆபீசர் கேட்ட கேள்வி

இன்டர்வியூ அன்று அக்காவை என் வண்டியில் கூட்டிப்போனேன். மதாமும் ஆட்டோவில் வந்துவிட்டார். எதிரே டீக்கடையில் காத்திருந்தோம். மதாம் வாங்கிய டீயைக் குடிக்கவே இல்லை, அது ஆடை கட்டிப்போயிற்று.

அக்கா வெளியே வந்தபோது முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். ஜெரார் சார் சொன்னது நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இன்னாக்கா ஆச்சு? சொல்லுக்கா!"

"மொத கேள்வியே அதான் தம்பி. நாலும் சொன்னேன். ஆபீசரு எழுதறத நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. தாளு குடுத்தாரு. எழுதினேன்."

"அப்புறம் ஏன் அழுவுற?"

"எழுதினதப் பாத்துட்டு வேற ஒண்ணு கேட்டாரு. மதாம் அத சொல்லித்தரல. பேரு சொல்லமாட்டீங்க, சரி, அப்ப வூட்ல அவர எப்படித்தான் கூப்புடுவீங்கன்னு."

மதாம் தலையில் கைவைத்தார். "அய்யோ, அது எனக்குத் தோணலியேக்கா. நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? 'ஏங்க'ன்னு சொன்னேன். அந்தாளு அத எழுதி வெச்சுக்கிட்டு, ஏங்க, ஏங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லிப் பாக்குறாரு மதாம்! இத்தினி வருசமா நான் ஒருத்தி கூப்புடுறது. அதப்போயி ஒரு வெள்ளக்கார ஆம்பள என் எதிருல உக்காந்து கூப்புட்டா, எனக்கு மானமே போயிடுச்சு!"

பாதி அழுகை, பாதி சிரிப்பு. மதாம் நடுரோட்டில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர், என்னமோ துக்கம் போல என்று எங்களிடம் காசு வாங்கத் தயங்கினார்.

கொஞ்ச நாளில் விசா வந்தது. அக்கா போய்விட்டார். ஜெரார் சார் உடனே ஃப்ளெக்ஸை மாற்றினார்: 'கணவர் பெயர் சொல்லாமலே பாஸ்!' அந்தக் கணவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

6. கத்துக்கிட்டது

இப்போதும் மாக் ஓராலில் ஆபீசர் நான்தான், கலாய்ப்பதும் குறையவில்லை. ஆனால் கோட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒன்று கேட்கிறேன்: "எந்தக் கேள்வி கேட்டா உங்களுக்கு வாய் வராது?" அந்தக் கேள்விக்கு மதாம் வாக்கியம் எழுதித் தருவார், நான் ஒத்திகை கொடுப்பேன். கேட்டுப் பாருங்கள் தம்பிகளா, ஒவ்வொரு பதிலும் தூக்கிவாரிப் போடும். கெக்கெக்கே என்று சிரிக்கிற ஆள்தான் பெரிய குண்டாகப் போடுவான்.

போன வாரம் ஒடிசாவிலிருந்து சந்தோஷ் என்று ஒரு பையன் சேர்ந்தான். ஓட்டலில் சமையல் வேலை, பிரெஞ்சுக் கப்பலில் சேர ஆசை. வந்த நாளிலிருந்து என்னையே கலாய்க்கிற அளவுக்கு வாய். அவனிடமும் கேட்டேன். சிரித்துக்கொண்டே யோசித்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வீட்ல எத்தனை பேருன்னு மட்டும் கேக்காதீங்கண்ணா. போன வருஷ எண்ணிக்கைதான் வாயில வருது. இப்ப அதுல ஒரு ஆளு இல்ல."

நான் மதாமைக் கூப்பிடப் போனேன்.