கோட்டுப் பையில் ஒரு புட்டி தண்ணீர்

1927 மார்ச் 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். செங்கல் பொடியால் பல் தேய்ப்பதை விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் பல் துலக்கி, வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்தேன். வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை, காப்பிக்குப் பதில் கஞ்சி. ஒன்பதரைக்கு நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் துரைக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

பதினாறு வருடமாக அது என் இடம். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், துரை கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. முந்திய வருடக் கடைசியில் வாய் வறளத் தொடங்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். துரை பேனாவால் மேஜையைத் தட்டுவார். ஈரம் ஊறட்டும் என்று வெற்றிலையைக் கூட்டினேன். சுண்ணாம்பும் புகையிலையும் இன்னும் காயவைத்தன. கடைசியில் ஒரு சீனப் பல் வைத்தியர் அதையெல்லாம் நிறுத்தச் சொன்னார். மூக்கால் மூச்சு விட வேண்டும்; கால் மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சற்று வைத்திருந்து விழுங்க வேண்டும். அவ்வளவுதான் மருந்து. எழுதி வைத்து ஒன்று விடாமல் செய்தேன். பேச்சு திரும்பிவந்தது.

என் மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்க, நீதிமன்ற எழுத்தர்களுக்குத் தலைவரான பெரிய கிராணியிடம் அனுமதி கேட்டேன். நாங்கள் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"தண்ணி துரை மேஜைக்கு மட்டும்தான் அண்ணே. உங்களுக்கு வச்சா நாளைக்குச் சாட்சியும் கேப்பான்லா."

அதனால் பழைய மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இடைவெளி கிடைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு மடக்கு.

அன்று ஓர் அடிதடி வழக்கு. சாட்சியம் தனக்கு எதிராகப் போவதைக் கண்ட மாட்டுவண்டிக்காரன் கூண்டிலிருந்தே என்னைக் காட்டினான்.

"இவரு சம்சு சாராயம் குடிச்சிட்டுல்ல பேசுறாரு. பையில புட்டி இருக்கு பாருங்க."

கூட்டம் சிரித்தது. அவன் என்ன சொன்னான் என்று துரை கேட்டார். அதையும் நான்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

துரை பெரிய கிராணியைப் பார்த்து, புட்டியில் என்ன என்றார். தமக்குத் தெரியாது என்றார் அவர். புட்டியை நீட்டினேன், துரை கையால் விலக்கினார். தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. குழறலாக வந்தது, குடிகாரன் பேச்சாகவே கேட்டிருக்கும். பதினாறு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் சொன்ன வாய் அது.

பகல் சாப்பாட்டுக்கு முன் உத்தரவு வந்தது: நாளை முதல் பழைய வழக்குக் கட்டுகள் வைக்கும் அறையில் வேலை. பெரிய கிராணி அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அங்க பானையே இருக்கு அண்ணே. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

சாயங்காலம் நடந்ததைக் கேட்ட மனைவி, எடுத்து ஒளித்து வைத்திருந்த வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இனிமே யாருகிட்டப் பேச இந்த வாயக் காப்பாத்துறீங்க? போடுங்க."

தட்டைத் தொடவில்லை. நாட்குறிப்பில் இருபத்தோராம் நாள் என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில் அந்தப் புட்டியைக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பினேன்.