‘மூடுதேன்’ என்று ஒரு சொல்

எங்கள் வீட்டில் எதை மூடினாலும் சொல்லிவிட்டுத்தான் மூட வேண்டும். கேஸ் அடுப்போ, தண்ணீர்க் குழாயோ, வாசல் கதவோ, ‘மூடுதேன்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட வேண்டும். மருமகன் புதிதாக வந்திருந்தபோது, ஃப்ரிட்ஜ் கதவுக்கும் இது உண்டா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டாராம். உண்டு என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அவர் ஊருக்குப் போகிறவரை அந்தப் பக்கமே போகவில்லை.

நான் பயந்த சுபாவம். கூடங்குளத்தில் வாக்கப்பட்டிருக்கும் நாத்தனார் காலையில் போன் பண்ணாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. ஆற்றில் தண்ணீர் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். ஆனால் இந்த ‘மூடுதேன்’ சுபாவத்தில் வந்ததல்ல. அது அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் வந்தது. சரியாகச் சொன்னால், அவர்களிடமிருந்து வராமல் போனதால் வந்தது.

அப்போது செங்கோட்டைப் பாதையில் நீராவி இஞ்சின்தான். மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், டிரைவர். அப்பா ஃபயர்மேன், தீயைப் பார்த்துக்கொள்கிறவர். ஜங்ஷன் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீடும் ஒட்டி ஒட்டி இருந்தன. எங்கள் வீட்டில் தாளிக்கிற மணம் அவர்கள் வீட்டில் தும்மலாகக் கேட்கும்.

ஆறாம் வகுப்போடு நின்றுபோன எனக்குப் பெரிய படிப்பெல்லாம் தெரியாது. ஆனால் அந்த இஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று தெரியும். இருவரும் நன்றாக இருந்த காலத்தில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வேறு எதையும் பேசியதில்லை. கரி எரியக் காற்று வேண்டும். அத்தனை பெரிய அடுப்பை யார் ஊதிக்கொண்டிருப்பது? அதனால் இஞ்சின் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்ளும். சக்கரத்தைத் தள்ளி வேலை முடித்த நீராவி சும்மா கலைந்து போவதில்லை. புகைக்கூண்டுக்கு நேர் கீழே இருக்கிற ஒரு குழாய் வழியாக மேலே சீறும். சீறும்போது உள்ளே கிடக்கிற புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில்தான் அடுப்புக்குள் புதுக் காற்று வரும். நாம் கேட்கிற குப்குப் சத்தம் அதுதான்.

இழுப்பு கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். அதில்தான் இருவருக்கும் தினமும் தகராறு.

“மாப்பிள்ள, நேத்து உம்ம தீ பொங்கப்பானை அடுப்பு மாதிரில்லா இருந்துச்சு வே” என்பார் மாமா.

“நீரு ரெகுலேட்டர இழுத்த இழுப்புல பாதிக் கரி புகைக்கூண்டு வழியா பறந்துட்டு, அத்தான். தென்காசி வயக்காட்டுல கெடக்கும், போய்ப் பொறுக்கிக்கிடும்” என்பார் அப்பா.

“ரெண்டு பேரு வாயையும் அந்தக் குழாய்ல வச்சா வண்டி கொல்லம் வரைக்கும் கரி இல்லாமப் போவும்” என்று அம்மா குழம்பை ஊற்றுவாள்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. டிரைவர் ரெகுலேட்டரை மூடினால் சக்கரத்துக்குப் போகிற நீராவி நின்றுவிடும். நீராவி நின்றால் இழுப்பும் நின்றுவிடும். மேலே போக வழியில்லாத தீ, கரி போடுகிற வாசல் வழியாக ஆள் நிற்கிற பக்கம் திரும்பும். அதற்காகவே ப்ளோயர் என்று ஒரு திருகு வைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிட்டால் கொதிகலனிலிருந்து கொஞ்சம் நீராவி நேராகப் புகைக்கூண்டுக்குப் போய் இழுப்பைத் தொடர்ந்து வைக்கும். அவர்கள் இஞ்சினில் அந்தத் திருகு அப்பா பக்கம் இருந்தது. ஆகவே வழக்கம் இது: மாமா ‘மூடுதேன்’ என்பார். அப்பா ப்ளோயரைத் திறப்பார். அப்புறம்தான் மாமா மூடுவார். ஒரே ஒரு சொல். இரண்டு பேர் உடம்பும் அந்தச் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் நின்றுபோனது தம்பியின் காதுகுத்தால்.

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் சாஸ்தா கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா அன்று காலை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, அங்கேயே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. வண்டி வரவில்லை. கரி சரியில்லை, நீராவி ஏறவில்லை, வழியில் நின்று நின்று வந்திருக்கிறது. இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்த வந்த ஆசாரி வேறொரு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா இரண்டு தரம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அம்மாவின் சித்தி மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்.

தம்பி அழுது ஓய்வதற்குள் மாமா வந்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து வயல் வழியே நடந்து, முகமெல்லாம் கரியோடு, கையில் சீர்த்தட்டோடு. சங்கிலி, பட்டுத்துணி, வாழைப்பழம். தம்பியின் காதைப் பார்த்தார். அந்தச் சித்தி மகனின் மடியைப் பார்த்தார். தட்டை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

வண்டி ஏன் தாமதமாகும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அப்பாவுக்குத் தெரியும். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. “வேற எவனும் செஞ்சிருந்தா விட்டிருப்பேன்” என்று அத்தையிடம் சொன்னாராம்.

அன்றோடு பேச்சு நின்றது. சேதி நிற்கவில்லை. மாமா தங்கையைப் பார்க்க வழக்கம்போல வருவார். அப்பா அங்கேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் நான்.

“ஏட்டி, நாளைக்கு வண்டி நேரம் மாறிட்டுன்னு உங்கப்பாட்ட சொல்லு.”

நான் இரண்டடி நடந்து அப்பாவிடம் சொல்வேன்.

“தெரியும்னு சொல்லு.”

திரும்பவும் இரண்டடி. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருதரம் கால்வலி என்று நான் உட்கார்ந்தே இருந்துவிட, இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் இரவெல்லாம் ஒரு கவலை அரிக்கும். வீட்டில் நான் இருக்கிறேன். இஞ்சினில் யார் இருப்பார்? அம்மாவிடம் கேட்டேன். கரி தள்ளுகிற ராதாபுரத்துக்காரர் இருக்கிறார், அவர் சொல்லிக்கொள்வார் என்றாள்.

அவர் அப்பாவைவிட வயதில் மூத்தவர். நாங்கள் அண்ணாச்சி என்போம். ஒருநாள் வாசலில் நின்று அம்மாவிடம் புலம்பினார். “ஒரு எட்டுல நிக்காவ ரெண்டு பேரும். இவரு எங்கிட்ட ‘மூடப்போறேன்னு சொல்லும்’ங்காரு. நான் அவருட்ட சொல்லுதேன். அவரு ‘தொறந்தாச்சுன்னு சொல்லும்’ங்காரு. தங்கச்சி, நான் கரி அள்ள வந்தேனா, பொண்ணு பேச வந்தேனா?” அம்மா சிரித்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த அண்ணாச்சிதான் ஒருநாள் மத்தியானம் தனியாக வந்தார். இந்தத் தரம் வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்தார். “பயப்படாத தங்கச்சி, உசுருக்கு ஒண்ணுமில்ல” என்றார். அதற்கு மேல்தான் அம்மாவுக்குப் பயம் வந்தது.

செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து ரயில் போகிற ஒரு குகை உண்டு. கொல்லம் பக்கமிருந்து திரும்பி வரும்போது ஏற்றம் அந்தக் குகையில்தான் முடியும். அதுவரை இஞ்சின் மூச்சுமுட்ட ஏறி வந்திருக்கும், அடுப்பு வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும். அன்று அண்ணாச்சி பின்னால் கரித்தொட்டிக்குள் ஏறி, கரியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மாமா இறக்கம் வருகிறது என்று ரெகுலேட்டரை மூடினார். அப்பா அடுப்பு வாசலுக்கு நேராகக் கரண்டியோடு நின்றார். ப்ளோயர் திறக்கவில்லை. தீ வெளியே வந்தது.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவின் இரண்டு கைக்கும் முகத்துக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். கண்ணும் கட்டுக்குள் இருந்தது. அம்மா கட்டில் பக்கத்திலிருந்து நகரவில்லை. மாமாவுக்கு ஒரு முழங்கையில் மட்டும் காயம். அவர் வார்டுக்குள் வராமல் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு டம்ளரில் காப்பி கொடுத்து அனுப்பினாள். நான் கொண்டுபோய் வைத்தேன். திரும்ப எடுக்கப் போனபோது அப்படியே ஆடை படிந்து இருந்தது.

விசாரணைக்கு ஆபீசர் வரப்போகிறார் என்றார்கள். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கேள்வி ஒன்றே ஒன்று. மூடுவதற்கு முன்னால் டிரைவர் சொன்னாரா, இல்லையா? சொல்லவில்லை என்றால் மாமாவின் வேலை போய்விடும். சொன்னார் என்றால் அப்பாவின் கவனக்குறைவு, தண்டனை அப்பாவுக்கு. அண்ணாச்சி கரித்தொட்டியில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எல்லாம் அப்பாவின் வாயில் இருந்தது.

“உங்கப்பா என்ன சொல்லப் போறாவளோ” என்று அம்மா ஒருதரம் என்னிடம் சொன்னாள். எந்தப் பதிலுக்குப் பயப்படுகிறாள் என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஆபீசர் வந்தபோது எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர் போனபிறகு உள்ளே வந்தோம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்போதுதான் மாமா முதல்முறையாக வார்டுக்குள் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றார். 

“ஏட்டி, நிக்கது யாரு?” என்றார் அப்பா.

“மாமா.”

அப்பா முகத்தைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பினார். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் பைய வந்தன. “அவருட்ட சொல்லு. அவரு ‘மூடுதேன்’னு சொன்னாரு. எனக்குத்தான் காதுல விழல. அப்படி எழுதிக் குடுத்தாச்சுன்னு சொல்லு.”

நான் மாமா பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் சொன்னேன். சேதி சொல்வதில் எனக்கு அந்த ஒழுங்கு உண்டு.

மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “உங்கப்பாட்ட சொல்லு...” என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன்.  மிச்சம் வரவில்லை. பிறகு போய்விட்டார்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

“சரி” என்றார் அப்பா.

மாமாவின் வேலை நிலைத்தது. அப்பாவுக்குத் தண்டனை எழுதினார்கள். கை பழையபடி மடங்காததால் இஞ்சினுக்கும் திரும்ப முடியவில்லை. மாமா செங்கோட்டைக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் சேதி சொல்லக்கூட வேலை இல்லை. அம்மா அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அப்பாவுக்குச் சோறு ஊட்ட, சட்டை மாட்டிவிட, தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள்.

நான் அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். மாமா சொல்லியிருக்கிறார், அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. இது என்னைப் பிடித்து ஆட்டியது. இன்னொரு தரம் எதுவும் காதில் விழாமல் போய்விடக்கூடாதே என்று, சோறு கொண்டுவந்தால் கூடக் காதோரம் குனிந்து, “அப்பா, சோறு” என்று கத்துவேன். கதவை மூடினால், “மூடுதேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன்.

“என்னத்துக்குட்டி இப்படிக் கத்துத?” என்று அம்மா கோபித்தாள்.

“கத்தட்டும், விடு” என்றார் அப்பா.

சாயங்காலம் செங்கோட்டை வண்டி வரும். கட்டிலை முற்றத்தில் போடச் சொல்லிப் படுத்திருப்பார். முந்தின ஸ்டேஷனான பேட்டைப் பக்கம் குப்குப் சத்தம் எழும்பும்போதே, எனக்கு அது வெறும் காற்றாகக் கேட்கும்போதே, “அத்தான் வண்டி” என்பார். அல்லது, “இது வேற ஆளு” என்பார். காது கேட்காதவருக்கு இது எப்படித் தெரிகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. மணியை வைத்துக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வண்டியானால் இன்னொன்றும் நடக்கும். ஸ்டேஷன் நெருங்கும்போது ரெகுலேட்டரை மூடுவார்கள், குப்குப் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். அது அறுவதற்குச் சற்று முன்னால், மாமா மூடுவதற்கும் முன்னால், அப்பாவின் கருகிப்போன வலது கை கட்டில் சட்டத்திலிருந்து எழும்பும். காற்றில் எதையோ பிடித்துத் திருப்புகிற மாதிரி ஒரு சின்னத் திருப்பு. பிறகு சத்தம் நிற்கும். கை கீழே இறங்கும்.

இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. கடைசிவரை இருவரும் பேசவில்லை. தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். அத்தனை தூரத்திலிருந்து, சொல்லாமலே, மாமா எந்த இடத்தில் மூடுவார் என்று தெரிந்த கைக்கு, அன்று குகைக்குள் பக்கத்திலேயே நின்றபோது தெரியாமலா போயிருக்கும்? தெரிந்துதான் இருந்ததோ. அவர் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்ததோ. அப்படியானால் ஆபீசரிடம் அப்பா சொன்னதில் எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தோன்றவில்லை. கட்டில் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். கை எழும்பித் திரும்புவதைப் பார்த்ததும், நரம்பு இழுக்கிறது, வலிக்கிறது என்று நினைத்து, வேகமாகப் பிடித்துக் கீழே அமுக்கி எண்ணெய் தடவிவிடுவேன். “வலிக்குதாப்பா?” என்று காதோரம் கத்துவேன். ஆமாம் என்று தலையாட்டுவார்.