நேட்டால் சுரங்கத்துக்குப் போன இருவர்

எங்கள் ஊரில் என் கணவரின் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். இருவருடைய தகப்பன்மாருக்கும்கூட ஒரே பெயர். வேதத்தில் வரும் ஒரு தகப்பனின் பெயரை அவர்களுக்கு ஞானஸ்நானத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஆண்பிள்ளை பிறந்ததும், வேதத்தில் அந்தத் தகப்பனுக்குப் பிறந்த மகனின் பெயரை இரண்டு வீட்டிலும் வைத்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் இதனால் குழப்பம் வந்ததில்லை. எங்கள் வீடு வேதக்கோயிலை ஒட்டி இருந்ததால் என் கணவரைக் கோயிலடியார் என்பார்கள். வாய்க்கால் மடைக்குப் பக்கத்தில் இருந்த அவரை மடையடியார் என்பார்கள். அவர் மனைவி எனக்கு இரண்டு வயது இளையவள். என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவாள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே இருந்த வயல்களில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று நாற்று நட்டவர்கள்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து கார் நெல் சாகுபடி போன ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டத்தில் வேலை என்று ஆள் சேர்க்க வந்தவன் சொல்லியிருந்தான். எனக்கு அப்போது கையில் ஒரே மகள், பிறந்து மூன்று மாதம். மடையடியார் மனைவிக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

முதல் கடிதத்திலேயே கரும்பு இல்லை, கரி என்று தெரிந்துபோயிற்று. மலைச்சரிவில் தோண்டிய ஒரு சின்னச் சுரங்கத்துக்கு அவர்களை அனுப்பியிருந்தார்கள். கோயிலில் ஆராதனை நடத்தும் எங்கள் ஊர் உபதேசியார்தான் மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் வாத்தியார். கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொல்வார். சுரங்கத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒருவர் இரண்டு பேருக்குமாக எழுதி, ஒரே உறையில் இரண்டு தாள்களைப் போட்டு அனுப்புவார். நாங்களும் அந்தக் கடை விலாசத்துக்கே பதில் எழுதுவோம். மேற்கூரை விழுந்து இரண்டு பேர் செத்தார்கள் என்று ஒரு கடிதத்தில் இருக்கும். அடுத்ததில், கரி வண்டி சங்கிலி அறுந்து ஓடியதில் ஒருவருடைய இடுப்பு போயிற்று என்று இருக்கும். அதற்கடுத்த வரியில், பிள்ளை நடக்கிறாளா, மழை உண்டா என்ற விசாரிப்பு. உபதேசியார் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பார். வாசித்து முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வயலுக்குத் திரும்புவோம்.

மூன்றாம் வருஷம் பிசான நெல் நடவின்போது கிராம முன்சீப் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். வயலிலிருந்து சேற்றுக் காலோடு போனோம். அவர் கையில் தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஒரு காகிதம் இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

சுரங்கத்தில் தீப்பிடித்துக் கூலிகள் இறந்துபோனார்கள், அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டு என்று காகிதம் சொன்னது. பெயரை வாசித்தார். தகப்பன் பெயரை வாசித்தார். ஊரையும் தாலுகாவையும் வாசித்தார். அதற்குமேல் ஒரு நம்பர் இருந்தது.

"உங்க வீட்டு ஆளு நம்பரு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

கப்பல் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுப்பார்கள் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன்சீப் காகிதத்தை மடித்துவிட்டு, மேலே எழுதிக் கேட்கிறேன், அதுவரைக்கும் தைரியமாக இருங்கள் என்றார். எங்களில் யாரைப் பார்த்து அதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உபதேசியார் அன்றைக்கே கடைக்காரருக்கு எழுதிப் போட்டார். கடிதம் போய்ப் பதில் வர நாலு மாதமாகும். அந்த நாட்களைப் போல ஒரு காலத்தை நான் பிறகு கண்டதில்லை. அழுதால் அபசகுனம், சிரித்தால் பாவம். குழந்தை தும்மினால்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று மனம் தேடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் இறந்தவரின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஒரே பெயர்தானே. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்தோம். எங்களைச் சுற்றியிருந்த பெண்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது எனக்குத் தலை நிமிராமலே தெரிந்தது.

நான் என்ன ஜெபித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். இவர், என் கணவர், உயிரோடு இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். அப்படிக் கேட்டால் அவள் புருஷனைச் சாகவிடு என்று கேட்பதாகத்தான் அர்த்தம். தெரிந்தேதான் கேட்டேன். களை எடுக்கும்போது அவள் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் வரப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள்.

"மைனி, நீங்களும் அதத்தான செபத்துல கேக்குதிய?"

நான் கலயத்தைக் கீழே வைத்தேன்.

"நானும் அதத்தான் கேக்கேன்," என்றாள். பிறகு தன் கலயத்திலிருந்த துவையலில் பாதியை எடுத்து என் கலயத்தில் வைத்தாள். அன்றைக்குப் பிறகு பக்கத்தில் நிற்கும் கூச்சம் போய்விட்டது.

மாசியில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கடிதம் வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. எங்கள் கேள்விக்கு வந்த பதில் இல்லை அது. அதற்கு இன்னும் நாளிருந்தது. அவர்களாக அனுப்பிய கடிதம், வழியில் எங்கேயோ தங்கி வந்திருந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு இருவரும் போனோம். உபதேசியார் எங்கள் முன்னால்தான் உறையைப் பிரித்தார். உள்ளே ஒரே தாள்.

என் மனைவிக்கு எழுதிக்கொண்டது, என்று தொடங்கியது. பெயர் கீழே இருந்தது. அந்தப் பெயரால் என்ன பிரயோசனம்? உபதேசியாரின் கண் வரிகளில் வேகமாக ஓடியது. சத்தம் போட்டு வாசிக்கவா வேண்டாமா என்று அவர் தயங்கினார். கடைசியில் வாசித்தார். கர்த்தர் கிருபையால் நான் பிழைத்தேன், மகள் இப்போது நன்றாகப் பேசுவாள் என்று நினைக்கிறேன்.

மகள் என்று ஒரே ஒருத்தியைச் சொல்லியிருந்தது. எனக்கு அது விளங்கும் முன்னே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் அழவில்லை. "கதிரு வெட்டுனது அப்படியே கெடக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கி வயலைப் பார்த்து நடந்தாள். நான் பள்ளிக்கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உடம்பெல்லாம் சந்தோஷம் பாய்ந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். அவள் விட்ட இடத்திலிருந்து அறுத்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து அறுத்தேன். அந்த வரிசை முடிந்த பிறகுதான் அவள் களத்து மேட்டில் விழுந்து அழுதாள்.

ஒப்பந்தம் முடிந்து இவர் திரும்பி வந்தபோது ரயிலடியில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் ஒடுங்கியிருந்தது. முதுகிலும் முழங்கையிலும் நீலமாகப் புள்ளிகள், பச்சை குத்தினதுபோல. காயத்துக்குள் கரித்தூள் போய்த் தங்கினால் அப்படித்தான் ஆகுமாம். நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடும்.

மறுநாள் காலையிலேயே அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணே, அவிய கடைசியில கஷ்டப்பட்டாவளா?" என்று கேட்டாள். தீயிலிருந்து கிளம்பிய கெட்ட காற்று அடித்ததும் தூக்கம்போலப் போய்விட்டார்கள், அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று இவர் சொன்னார். அவள் முகம் தெளிந்தது. பிள்ளைகளிடம், "கேட்டியளா, தூக்கம் மாதிரியாம்," என்றாள்.

அவள் போன பிறகு இவர் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டதும் சொன்னார். அந்தச் சுரங்கத்துக்கு ஒரே ஒரு வாய். தீ உள்ளே பரவாமல் இருக்க வேண்டுமானால் காற்றுப் போகக்கூடாது, வாயை அடைக்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டான். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் செத்தாயிற்று என்றும் சொன்னான். வெளியே நின்ற கூலிகளைக் கொண்டே கல்லும் களிமண்ணும் சுமக்க வைத்தார்கள். கரி வண்டி ஓடும் தண்டவாளம் சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியே வரை வரும். களிமண் கூடையை இறக்கும்போது இவர் கை அந்த இரும்பின் மேல் பட்டது. இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

இவர் போய்ச் சொன்னார். துரை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சூட்டில் இரும்பு அப்படித்தான் அதிரும் என்றான். அடைக்கிற வேலை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. அவள் கோயிலுக்கு வரும் போதெல்லாம் இவர் உள்ளே போய்விடுவார். அவளோ அந்தத் தூக்கக் கதையைக் கேட்க ஆசைப்பட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கே வருவாள். ஒவ்வொரு தரமும் இவர் அதையே சொல்வார். சொல்லி முடித்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். என்றைக்காவது வாய் தவறிவிடுமோ என்று நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் என்ன ஆவாளோ என்றும் பயம். சொல்லாவிட்டால் இவர் என்ன ஆவாரோ என்றும் பயம்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் நாங்கள் களத்தில் வைக்கோல் உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் வந்து உதவிக்கு நின்றாள். இவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். "தங்கச்சி, நான் இதுவரைக்கும் சொன்னது பொய்யி," என்றார். நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்.

அவள் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் தட்டுனாவ?"

"உச்சிப்பொழுது வரைக்கும்."

"நீங்க என்ன செஞ்சிய?"

"ஒரு கல்ல எடுத்துத் திருப்பித் தட்டுனேன். நான் தட்டுனா அவிய தட்டுவாவ. மண்ணு சொமக்கச் சொல்லி அடிக்க வந்தானுவ. பொறவு சொமந்தேன்."

அவள் கீழே கிடந்த வைக்கோலை அள்ளினாள். பிறகு, "அப்ப வெளிய நீங்க நிக்கியன்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று இவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. விறுவிறுவென்று போய்விட்டாள். மூன்று வாரம் கோயிலுக்கே வரவில்லை. இவர் ஒவ்வொரு நாளும் மடை வரைக்கும் நடந்து போய், அவள் வீட்டில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

நாலாவது வாரம் உபதேசியார் எங்களைக் கூப்பிட்டார். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எழுதிக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். இவர் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதினார். சுரங்கத்தில் கூரை விழுந்து போனவர்கள், வண்டி அடித்துப் போனவர்கள், தீயில் போனவர்கள் என்று இவருக்கு நினைவிருந்த ஒவ்வொரு ஆளையும் ஊரோடு சொன்னார். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அன்றைக்கு ஆச்சரியமாக இருமல் குறைவு.

பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது, முதலாளி இப்போது அங்கே இல்லை, விபத்தில் அனைவரும் உடனே மாண்டதாகவே பதிவு இருக்கிறது, ஆகவே மேல் நடவடிக்கைக்கு இடமில்லை. உபதேசியார் வாசித்ததும் அவள் காகிதத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"உடனேன்னு எங்கன எழுதிருக்கு?"

அவர் விரல் வைத்துக் காட்டினார்.

"அதுக்குக் கீழ எழுதுங்க. உடனே இல்ல, உச்சிப்பொழுது வரைக்கும் உசிரோட இருந்தாவன்னு."

சர்க்கார் காகிதத்தில் அப்படி எழுதக்கூடாதே என்று உபதேசியார் தயங்கினார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். இவர் தெரிந்த மட்டும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்தக் காகிதத்தையே திருப்பித் தபாலில் அனுப்பினோம். அதற்குப் பதில் வரவில்லை.

ஜெர்மனியோடு பெரிய சண்டை தொடங்கிய அடுத்த வருஷம் இவர் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் மூச்சு வாங்காமல் இருக்க அவரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். எனக்குத் தனியாக முடியாது. அவள் தினமும் வயல் வேலை முடிந்து வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொள்வாள். நான் முன்னாலிருந்து கஞ்சி ஊட்டுவேன்.