பூஜையில் வைத்த பேஜர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பேஜர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்தேன். ஒவ்வொரு பேஜருக்குள்ளும் அதற்கென்று ஓர் எண்ணைப் பதிந்திருப்போம். காற்றில் வரும் அத்தனை அழைப்புகளுக்குள் தன் எண் வந்தால்தான் அது கத்தும். விலை குறைந்த ஒரு ரகத்தில் மட்டும் அந்த எண் பேட்டரியின் தயவில் உயிர் வாழும். பேட்டரியைக் கழற்றினால் இரண்டு நிமிடத்துக்குள் வேறொன்றை மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எண் அழிந்துவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். அதுதான் வெட்கக்கேடு.

ஆயுத பூஜை வந்தது. கருவிகளுக்கு ஓய்வு நாள் அல்லவா? பக்தி தலைக்கேறி, பழுதுபார்த்து முடித்த பேஜர்களையும் துடைத்து, சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கிவிடக் கூடாதென்று பேட்டரிகளைக் கழற்றி, சாமி படத்துக்கு முன் வரிசையாக வைத்தேன். மறுநாள் காலை மாட்டினேன். திரை ஒளிர்ந்தது, 'பீப்' என்றது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

அன்று மதியமே கேரி தீவுத் தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்து, விலை குறைந்த அந்த ரகத்துத் தன் பேஜரை வாங்கிப் போனார். அவருடைய மகளுக்கு இதயத்தில் ஓட்டை. கோலாலம்பூர் மருத்துவமனையில் படுக்கை காலியானதும் பேஜரில் அழைப்பார்கள். அன்றைக்கே பிள்ளையோடு போய் நிற்க வேண்டும், தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்கு. வீட்டில் போன் கிடையாது.

"கவலைப்படாதீங்கண்ணே, பூஜையில வச்சு எடுத்தது" என்று திருவாய் மலர்ந்தேன்.

நான்கு நாள் கழித்து டாக்சி ஓட்டுநர் ஒருவர் அதே ரகப் பேஜரை மேசையில் வீசினார். "என்ன பாஸ், ஒரு கால்கூட வரல லா!"

கருவியில் செருகி எண்ணைப் படித்துப் பார்த்தேன். எண்ணே இல்லை. வெறுமை. பூஜையில் வைத்த அந்த ரகப் பேஜர் ஒவ்வொன்றும் இப்படித்தான் இருக்கும் என்று உறைத்தது. கேரி தீவுவரை மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேனோ தெரியாது.

அந்தத் தோட்டத் தொழிலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னும் கூப்பிடல தம்பி. குளிக்கப் போனாலும் கதவுல மாட்டிட்டுதான் போறேன்."

தோட்ட அலுவலகத்திலிருந்து வார்டுக்குப் போன் போட்டேன். முந்தாநாள் இரண்டு தடவை அழைத்தோம், யாரும் வரவில்லை, வேறு குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்றார் தாதி. போனை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆபரேஷன் ஆன அந்தப் புள்ள நல்லா இருக்கா?" என்றார்.

மகளுக்கு மறுபடி படுக்கை கிடைக்க இரண்டு மாதமாயிற்று. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். பேட்டரி இல்லாமலும் எண்ணை மறக்காத நல்ல ரகப் பேஜர் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அவருடைய எண்ணைப் பதிந்து கொடுத்தேன். அவர் பேட்டரியைத் தானே கழற்றி, கைக்குள் மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ராத்திரி பூரா கழட்டித்தானே வச்சீங்க? கொஞ்ச நேரம் ஆகட்டும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு மாட்டி, "இப்ப கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். கத்தியது.

அவர் முகத்தில் கோபமே இல்லை. "இத அன்னைக்கே செஞ்சு பாத்திருக்கலாமே, தம்பி" என்றார்.