புற்று இல்லாத படம்

எங்கள் சாச்சா எடுத்த யானைப் படங்களைப் பார்க்க வேண்டுமானால் சாச்சாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் விரலை வைத்து, இது தாய், இது குட்டி, இது காதை விரித்துக்கொண்டு நிற்கும் கொம்பன் என்று காட்டிய பிறகுதான் அந்தக் கறுப்புப் புள்ளிகள் யானைகளாகும். விரலை எடுத்துவிட்டால் பழையபடி புள்ளிகள்தான். பாயில் மிளகு கொட்டினது போலிருக்கிறது என்று உம்மா ஒருமுறை சொல்லிவிட்டார். சாச்சா கோபிக்கவில்லை. அடுத்த முறை இன்னும் கிட்டப் போய் எடுக்கிறேன் என்றார்.

சாச்சா என்றால் உம்மாவின் தங்கச்சியைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவரும் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு படப்பெட்டியோடும் கல்முனைக்கு வந்து, ஒரே வேலிக்குள் எங்கள் வளவிலேயே இருந்த சாச்சியின் வீட்டில் சேர்ந்துகொண்டார். நீர்ப்பாசனக் கந்தோரில் அவருக்கு வேலை. குளம் குளமாகப் போய்த் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் அந்தப் பெட்டியை அவரிடம் விட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு சாச்சா தண்ணீரைப் பார்த்த நேரத்தைவிடத் தண்ணீருக்கு வருகிறவற்றைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு மனிதர் வெட்டவெளியில் தக்பீர் கட்டித் தொழுதுகொண்டு நிற்கிறார் என்றுதான் நினைப்போம். அசைகிற எதையும் அது ஏற்றுக்கொள்ளாது. நாரை சிறகை விரித்தால் புகையாகிவிடும். மான் திரும்பினால் அதற்கு இரண்டு தலை வந்துவிடும். சாச்சாவை மதித்து ஆடாமல் கிடந்தது முதலை ஒன்றுதான். அதையும் எல்லாரும் மரக்கட்டை என்றார்கள்.

உம்மாவுக்கு மூத்தவரான பெரிய மாமா பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார். உயிருள்ளவற்றின் படம் தொங்கும் வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். யானையை யானை என்று கண்டுபிடிக்கவே விரல் வேண்டியிருக்கும்போது மலக்குகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாச்சா வாதாடுகிற ஆள் இல்லை. படங்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒன்றை மட்டும் மட்டக்களப்பில் பெரிதாக்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

அது, அவரும் சாச்சியும் கல்யாணமான புதிதில் எங்கள் வாப்பாவின் வயல்வாடிக் குடிசைக்குப் போயிருந்தபோது எடுத்தது. காடு தொடங்குமிடத்தில் ஒரு சின்னக் குளம். தண்ணீருக்குள் ஒரு பட்டமரம். அவ்வளவுதான். யானை இல்லை, மான் இல்லை, ஒரு கொக்குக்கூட இல்லை. போதாததற்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருந்ததால், படப்பெட்டியும் கையுமாகச் சாச்சாவின் நிழல் முன்னால் மணலில் நீளமாய் விழுந்துவிட்டது. அந்த நிழலின் வலப்பக்கத்தில், அதோடு ஒட்டினாற்போல ஒரு புற்று. உச்சி கூம்பி, கீழே அகன்று, கறுப்பாக நின்றது.

பெரிய மாமா அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று நெடுநேரம் பார்த்தார்.

“மச்சான் எடுத்ததில இது ஒண்டுதான் குத்தமில்லாத படம்” என்றார்.

எத்தனையோ படம் எடுத்தவர், பழுதாய்ப்போன ஒன்றை ஏன் பெரிதாக்கினார் என்று நான் சாச்சியைக் கேட்டேன். சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, போய் விளையாடு என்று விரட்டினார். எங்கள் முன்னால் அவரும் சாச்சாவும் ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்டதில்லை. மூத்தவர்கள் இருக்கும் வளவில் புருஷன் பெஞ்சாதி பகலில் கதைப்பது மரியாதை இல்லை. ஆகவே அவர்களுக்குள் கதைக்க ஒன்றுமில்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அடுத்த மாரியில் சாச்சி நெருப்புக்காய்ச்சலில் மௌத்தானார். பிள்ளைகள் இல்லை.

வீடு பெண்ணோடு போகும் சொத்து. பெண் இல்லையென்றால் மாப்பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? கட்டிக்கொடுக்க இன்னொரு குமர் வீட்டில் இருந்திருந்தால் சாச்சாவை விட்டிருக்கமாட்டார்கள். குமர் என்று சொல்ல இருந்தது நான்தான், எனக்கு ஒன்பது வயது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் சாச்சா அக்கரைப்பற்றில் தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போவது என்றும், இந்த வீடு பிற்காலம் எனக்கு என்றும் பெரிய மாமா தீர்த்தார். யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. ஊரில் நடப்பதுதான் நடந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாச்சிக்காக அழுத கண் காயும் முன்னே ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கிணற்றடியில் தனியே உட்கார்ந்திருந்த சாச்சாவிடம் போய், நாற்பதுக்குப் பிறகு இது என் வீடு, தெரியுமா என்று கேட்டேன்.

“ஓம் மகள்” என்றார். “கிணத்துக்கு ஒரு மூடி போடச் சொல்லு. இலை விழுகுது.”

கட்டில், அலுமாரி எல்லாம் வீட்டோடு நிற்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது பெரிய மாமா சுவரைப் பார்த்தார். அந்தப் படமும் இருக்கட்டும், வீட்டுக்கு அது ஒரு வடிவு என்றார். அவரைப் பொறுத்தவரை அது சாச்சாவுக்குச் செய்த மரியாதை. சாச்சா எழுந்துபோய்ச் சட்டத்தின் தூசியைத் துண்டால் துடைத்தார். அதன் நெகட்டிவ் உப்புக்காற்றில் எப்போதோ ஒட்டிப்போய்விட்டது என்று எனக்கும் தெரியும். அதை உரிக்கப் பார்த்துக் கிழித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பெரிய மாமா போன பிறகு அவர் உம்மாவிடம், இதைவிட நல்லதாக ஒரு படம் கொண்டுவந்து தந்தால் இந்த இடத்தில் அதை மாட்டலாமா என்று கேட்டார். உம்மா உலையைப் பார்த்துக்கொண்டே, உங்கட விருப்பம் தம்பி என்றார்.

இரண்டொரு நாளில், வாடிக்குப் போய் யானை எடுக்கப்போகிறேன் என்றார் சாச்சா. நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். விரல் வைக்காமலே தெரிகிற ஒரு யானையைக் கொண்டுவருவதாகப் பள்ளிக்கூடத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாளில் பெரிய பிள்ளையாகி உள்ளே இருக்கப்போகிறவள், போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று உம்மாவும் விட்டுவிட்டார். சம்மாந்துறை வரை பஸ், பிறகு மாட்டுவண்டி. வாடியில் வாப்பா சுடுசோறும் கருவாடும் வைத்திருந்தார்.

சுபஹு தொழுதுவிட்டுச் சாச்சா என்னை எழுப்பினார். அறுவடைக்கு நின்ற வேளாண்மையின் நடுவே, வரம்பு வரம்பாக நடந்தோம். வழியெல்லாம் நான்தான் கதைத்தேன். அவர் ஓம், ஓம் என்றுகொண்டு வந்தார். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பற்றைக்குப் பின்னால் குந்தச் சொன்னார். சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம், சத்தம் போடாதே என்றார்.

வெளிச்சம் வந்தபோது யானைகள் தண்ணீரில் நின்றன. எங்களுக்கும் அவைகளுக்கும் இடையில் ஒரு வளவு தூரம்தான். குட்டி தாயின் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தது. காற்று காட்டுப்பக்கமிருந்து எங்களை நோக்கி அடித்ததால் எங்கள் வாசம் அவைகளுக்குப் போகவில்லை. பட்டமரம் அப்படியே நின்றது. சாச்சா எடுத்த எந்த யானையும் இப்படிக் கிட்ட வந்ததில்லை. அவர் பெட்டியை வயிற்றோடு அணைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய பெருவிரலைப் பார்த்தேன். விரல் அசையவில்லை.

“எடுங்க சாச்சா.”

அவர் எடுக்கவில்லை. யானைகள் குடித்தன, சேற்றை வாரி முதுகில் போட்டன, ஒன்றன்பின் ஒன்றாய்க் காட்டுக்குள் போயின. கடைசியாய்க் குட்டியின் வாலும் மறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்?

சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் ஏறி, மணல் வெளுத்தது. யானைகள் கலக்கிய தண்ணீர் தெளிந்தது. அப்போதுதான் சாச்சா எழுந்து வெளியே வந்தார். பட்டமரத்தைப் பார்த்தார், இடப்பக்கம் தள்ளி நின்றார், திரும்பவும் பார்த்தார். சுவரில் இருக்கும் படத்தின் இடம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய வலப்பக்கத்தில் போய் நின்று மணலைத் தேடினேன்.

“அந்தப் புத்து எங்க சாச்சா?”

“எந்தப் புத்து மகள்?”

“படத்தில உங்கட நிழலுக்குப் பக்கத்தில ஒரு புத்து இரிக்குதே, அது.”

அவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆனை மிதிச்சிரிக்கும்” என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இவ்வளவு யானை வந்து போகிற இடத்தில் ஒரு புற்று எத்தனை நாளைக்கு நிற்கும்?

“அங்கால தள்ளி நில்லு மகள். உன்ட நிழல் விழுது.”

தள்ளி நின்றேன். அவர் பெட்டியை வயிற்றில் வைத்துத் தலையைக் குனிந்தார். உண்மையாகவே தொழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வருமளவுக்கு அப்படியே நின்றார். பிறகு பெட்டிக்குள் ‘டிக்’ என்றது. ஒன்றுமில்லாத குளத்துக்குக் கடைசிப் படமும் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். பெரிய மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனையைக் கண்டு மச்சான் பயந்துபோனார் என்றார்.

“ஓம் மச்சான்” என்றார் சாச்சா. “பயந்துதான் போனன்.”

நாற்பதாம் கத்தம் ஓதிய மறுநாள், டிரங்குப் பெட்டியும் படப்பெட்டியும் பிஸ்கட் டின்னுமாக அவர் பஸ் ஏறினார். சுவரில் இருந்ததை அவர் கேட்கவுமில்லை, நாங்கள் கொடுக்கவுமில்லை. அவர் போன பிறகு அந்த வீட்டு ஜன்னல்களைத் திறந்து மூட எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பூட்டிய வீட்டைச் சுற்றி வந்து, யாருமில்லாத கிணற்றடியில் நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சட்டம். பிரித்தால் அதே குளம், அதே பட்டமரம். இது தெளிவாக விழுந்திருக்கிறது, இதை மாட்டிக்கொண்டு பழையதைத் தந்தால் நல்லது என்று, பெருநாளுடுப்பின் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னார். பெரிய மாமா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதியதில் பழுது குறைவு என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரி நான் என்பதால் என்னையும் கேட்டார்கள். உம்மா என் முகத்தைப் பார்த்தார். சாச்சா பார்க்கவில்லை, குனிந்துகொண்டிருந்தார்.

நான் நன்றாக யோசித்தேன். புதியதில் கண்ணாடி மினுங்கியது. தண்ணீர் வெள்ளித்தகடு போலிருந்தது. புற்று இல்லை. ஒரே ஒரு குறை, இவ்வளவு மணல் கிடக்கும்போது சாச்சாவின் நிழல் இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றது. யானையைத்தான் எடுக்கத் தெரியாது என்றால், நடுவில் நிற்கவும் தெரியாதா? அதைப் பெரிதுபடுத்தாமல், புதியதே போதும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பழசைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறீர்கள் தம்பி என்று உம்மா கேட்டார். சட்டம் நல்ல பாலைமரம் என்றார் சாச்சா. நல்லதைத் தந்து கெட்டதை வாங்கிக்கொண்டு போகிற மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாயிருந்தது. வேலிக் கடப்படி வரை கூடப் போனேன். படத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, படப்பெட்டியைப் பிடிப்பது போலவே பிடித்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த வீட்டிலேயே எனக்குக் கல்யாணம் நடந்தது. சாச்சா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். கல்யாணமான வருஷம் அறுவடைக்கு வாடிக்குப் போயிருந்தோம். ஒரு காலையில் வரம்பு முடிகிற இடத்தில் என் மாப்பிள்ளை நின்று, வெட்டிய வேளாண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சூரியன் எங்கள் முதுகில் இருந்தது. சும்மா கீழே பார்த்தேன். அவருடைய நிழலோடு ஒட்டினாற்போல, முக்காடு போட்ட என் நிழல் விழுந்திருந்தது. உச்சி கூம்பி, கீழே அகன்று, ஒரு புற்று.

என்ன நிற்கிறாய், வா என்று அவர் கூப்பிட்டார். நான் ஓர் அடி தள்ளி நின்றேன், புற்றும் தள்ளி நின்றது.

ஊருக்குத் திரும்பியதும் நேரே சுவரடிக்குப் போனேன். சாச்சாவின் நிழல் அதே ஓரத்தில்தான் ஒதுங்கி நின்றது. அதன் வலப்பக்கத்தில், ஓர் ஆள் நிற்க அளவாய் மணல் வெறுமையாய்க் கிடந்தது. என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன இடம் அது.